14 கிலோமீட்டர் நடந்தும் ஏன் எதுவும் கண்ணில் படவில்லை?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பூங்கா ஒன்றில், வனத்துறை அனுமதியோடும் ஒரு வாட்சரோடும் எட்டுப் பேர் காலை 9 மணிக்குக் கிளம்பியிருக்கிறீர்கள். மாலை 4 மணி வரை 14 கிலோமீட்டர் நடந்தும் கொஞ்சம் சாணமும் சில குருவிகளும்தான் பார்த்தீர்கள். அதற்கு முந்தைய வருடம் கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவில், ராஜமலையில் வண்டியை விட்டு இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் வரையாடுகள் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன. "அப்படியானால் விலங்கு பார்ப்பது வெறும் அதிர்ஷ்டம்தானா? ராஜமலை ஆடுகள் காட்டு ஆடுகளே இல்லையா? அடுத்த முறை ஒன்பது வயது மகளையும் கூட்டிப் போகலாமா?" இவைதான் உங்கள் கேள்விகள். இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: அந்த மலையில் விலங்கே இல்லையா, அல்லது இருந்தும் எங்களுக்குத் தெரியவில்லையா? அதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் பல வருடங்கள், மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் சோலைக்காடும் திறந்த புல்வெளியும் கலந்த இந்த உயரங்களில் களப்பணி செய்தவன். வரையாடு கணக்கெடுப்புகளில் நடந்திருக்கிறேன், வழிகாட்டிகளுக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கு அந்தக் கணக்கெடுப்பே நல்ல பதில். வரையாட்டை எண்ணும்போது ஒரு மலைச்சரிவை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு எண்ணிக்கையை எழுதிக்கொள்வதில்லை. அதே சரிவைத் திரும்பத் திரும்பப் பார்த்து, கிடைத்ததில் அதிகமான எண்ணிக்கையைத்தான் கணக்கில் வைப்போம். ஒரு முறை பார்த்தால் ஏமாந்துவிடுவோம் என்பது அந்த முறையை வகுத்தவர்களுக்கே தெரியும். காலையில் நான் பூஜ்யம் என்று எழுதிய சரிவில், அன்று மாலை அதே பாறையில் உட்கார்ந்து 23 ஆடுகளை எண்ணியிருக்கிறேன். அவை வேறு எங்கிருந்தும் வந்தவை அல்ல. பகலெல்லாம் அங்கேயே படுத்திருந்தவை. தமிழ்நாட்டில் 2024-இல் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள் என்று வந்தது. ஒரு மாநிலம் முழுவதற்கும் அவ்வளவுதான். இருப்பதே குறைவு, அதிலும் பாதி நேரம் பாறையோடு பாறையாகப் படுத்துக் கிடக்கும் விலங்கு. அதனால் ஒரு நாள் பார்க்கவில்லை என்பதை வைத்து அங்கே விலங்கு இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

சரி, அப்படியென்றால் எங்கே தவறியது? நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததைத் தவிர எங்கும் நிற்கவில்லை, நன்றாகவே நடந்தோம்." கிளம்பிய நேரமும் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் இந்த வரியில் இருக்கிறது. மலைநடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது. சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். நீங்கள் சொன்ன 14 கிலோமீட்டருக்கும் சுமார் 900 மீட்டர் ஏற்றத்துக்கும் இந்தக் கணக்குப்படி நாலே கால் மணி நேரம் ஆகும். அதுவும் தெம்பான ஆள் நிற்காமல் நடந்தால். எட்டுப் பேர் வரிசையாகப் போகும்போது எளிதாக ஆறு மணி நேரம் ஆகிவிடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போனால் ஏழு மணி நேரமும் தீர்ந்தது. பார்ப்பதற்கு நேரம் மிச்சமில்லை. மலைப் பாதையில் நடப்பவரின் கண் தரையில்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் கணுக்கால் போய்விடும். ஆகவே நீங்கள் நடந்தீர்கள், விலங்குகள் உங்களைப் பார்த்தன. ஒரே நாளில் நீண்ட நடை, விலங்கு பார்த்தல் என்று இரண்டையும் வைத்துக்கொண்டால் இரண்டாவது வேலை நடக்காது. எனக்குத் தெரிந்தவரை இதற்கு விதிவிலக்கு இல்லை. அன்றைக்கு எது முக்கியம் என்று கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

9 மணிக்குக் கிளம்பியதைப் பற்றி. வரையாடு, கடமான், காட்டுமாடு மூன்றுமே அசைபோடும் விலங்குகள். விடியற்காலையில் வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, வெயில் ஏறியதும் எங்காவது படுத்து, மேய்ந்ததை மெல்ல அரைக்கும். கடமான் சோலையின் ஓரத்துக்குள் போய்விடும். வரையாடு பாறை விளிம்பிலோ பாறை நிழலிலோ படுத்துவிடும். மறுபடி எழுந்து மேய்வது பிற்பகல் சாய்ந்த பிறகுதான். நீங்கள் மலையில் இருந்த நேரம் முக்கால்வாசி அவை படுத்திருந்த நேரம். பூங்கா விதி அனுமதிக்கும் முதல் நேரத்தில் உள்ளே போவது ஒன்றுதான் இதற்கு வழி. அந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில் தூரத்தைக் கடக்க ஆசைப்படாதீர்கள். முதல் கிலோமீட்டருக்குள் எதிர்ச்சரிவு நன்றாகத் தெரியும் ஓர் இடத்தைப் பிடித்து உட்காருங்கள். எவ்வளவு நேரம் என்றால், குறைந்தது அரை மணி. முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. உங்களைப் பார்த்து உறைந்து நின்றவை மறுபடி அசையத் தொடங்கவே அவ்வளவு நேரம் வேண்டும்.

இப்போது காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் பெரும்பாலான வழிகாட்டிப் பேச்சுகளில் இது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. மலைச்சரிவில் காற்றுக்கு ஒரு தினசரி நடை உண்டு. இரவில் சரிவின் நிலம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று கனமாகிக் கீழே வழியும். விடிந்த பிறகும் வெயில் படாத சரிவுகளில் இது தொடரும். வெயில் பட்டு நிலம் சூடானதும் அதே காற்று திரும்பி, சரிவை ஒட்டி மேலே ஏறும். மாலையில் மறுபடி கீழே. பெரிய காற்று வீசும் நாளிலும், மேகம் மூடிய நாளிலும், பருவமழைக் காலத்திலும் இந்த ஒழுங்கு கெட்டுவிடும். தெளிந்த நாளில் பெரும்பாலும் பிசகாது. ஆக, வெயில் ஏறிய பிறகு நீங்கள் விலங்குக்குக் கீழே நின்றால் உங்கள் வாடை நேராக அதன் மூக்குக்குப் போகிறது. மேலே நின்றால் அதன் வாடைதான் உங்களுக்கு வரும். விடியற்காலையில் இது அப்படியே தலைகீழ்.

வரையாட்டின் பழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அதைத் தின்ன வரும் சிறுத்தையும் புலியும் செந்நாயும் பெரும்பாலும் கீழே இருந்தே வருகின்றன. அதனால் அது பாறை விளிம்பில் நின்று கீழ்நோக்கித்தான் காவல் காக்கும், மேலே அவ்வளவாகக் கவனிக்காது. பார்வையோ மிகக் கூர்மை. இந்த இரண்டையும் சேர்த்தால் ஒரு நாள் திட்டம் தானாகவே வந்துவிடும். காலையில் பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எதிர்ச்சரிவைப் பாருங்கள். காற்று திரும்பிய பிறகு பாதை மேலே போகுமென்றால் மேலே ஏறி, அங்கிருந்து கீழே பாருங்கள். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். உலர்ந்த புல் நுனியைக் கிள்ளிக் கையிலிருந்து விட்டால் போதும். என்னோடு நடந்த ஒரு முதிய வாட்சர் அதுகூடச் செய்யமாட்டார். ஈரக் கழுத்தில் குளிர் எந்தப் பக்கம் படுகிறது என்று பார்த்துவிட்டு, "தம்பி, இப்ப வேண்டாம், வெயில் அந்தப் பாறைக்கு வரட்டும்" என்பார். வெயில் வரும்வரை ஒரு பீடியைக் கையில் பற்ற வைக்காமலே உருட்டிக்கொண்டிருப்பார். காட்டுக்குள் அவர் ஒருநாளும் தீக்குச்சி உரசி நான் பார்த்ததில்லை.

உடை நிறம் பற்றி உங்கள் குழுவில் விவாதம் நடந்ததாக எழுதியிருந்தீர்கள். இதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்கிறேன். ஆடு, மாடு, மான் இனங்களுக்கு நம்மைப் போல மூன்று வகை நிற உணர்வு கிடையாது, இரண்டுதான். சிவப்பையும் பச்சையையும் அவற்றால் எளிதில் பிரித்தறிய முடியாது, ஆனால் நீலம் நன்றாகத் தெரியும். இது சோதித்து நிறுவப்பட்டது. அந்தச் சோதனைகள் பெரும்பாலும் வீட்டு விலங்குகளிலும் வேறு மான்களிலும் நடந்தவை. வரையாட்டுக்கும் அப்படித்தான் இருக்கும் என்பது உறவை வைத்துச் செய்யும் ஊகம், நல்ல ஊகம். ஆகவே எல்லோரும் பயப்படும் சிவப்புச் சட்டையைவிட, யாரும் யோசிக்காத பளிச் நீல மழைக்கோட்டும் ஜீன்ஸும்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். பறவைகளுக்கு நிறம் நம்மைவிட நன்றாகத் தெரியும், அவற்றுக்கு மங்கலான உடை நல்லது. வாசனைத் திரவியம் போடக்கூடாது என்கிறார்கள். போடாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் ஏறி வேர்த்த மனித உடம்பின் வாடையே அவற்றுக்குப் போதும் என்பது என் அனுபவம். நிறம், வாடை எல்லாவற்றையும்விட அசைவுதான் முதலில் காட்டிக்கொடுக்கிறது. கையை நீட்டி "அதோ பார்" என்று காட்டுகிறோமே, அதுதான் மந்தை ஓடுவதற்கு நான் கண்ட முதல் காரணம். வாயால் சொல்லுங்கள்: "பெரிய பாறை, அதன் இடது பக்கம், இரண்டாவது புதர்."

பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பைனாகுலர் இல்லாமல் போனீர்கள் என்று நினைக்கிறேன், எங்கும் குறிப்பிடவில்லை. 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்சு 42 மில்லிமீட்டர் அகலம், விடியற்கால வெளிச்சத்துக்கும் போதும். பத்து மடங்கு வாங்கினால் ஏறி வந்த மூச்சில் கை நடுங்கி, பெரிதாகத் தெரிவதன் பலன் பாதி போய்விடும். சரிவை வயலில் பாத்தி பிரிப்பதுபோல மனதில் பட்டைபட்டையாகப் பிரித்துக்கொண்டு, அருகிலிருந்து தொலைவுக்கு, ஒரு பட்டை முடிந்த பிறகு அடுத்தது என்று மெதுவாகப் பாருங்கள். முழு விலங்கைத் தேடாதீர்கள், கிடைக்காது. படுத்திருக்கும் வரையாட்டில் தெரிவது பின்னோக்கி வளைந்த கொம்பின் கோடு, ஈயை விரட்டும் ஒரு காது, அவ்வளவுதான். மலைச்சரிவில் எல்லாம் சாய்ந்தும் செங்குத்தாகவும் இருக்கும். நடுவே கிடைமட்டமாக ஒரு கோடு தெரிந்தால் அது முதுகாக இருக்கலாம், அங்கே நின்று பாருங்கள். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அதைச் சுற்றியே இன்னும் ஐந்து இருக்கும். வளர்ந்த கிடா தனியாகத் தெரியும். உடம்பு கருத்து, முதுகில் சேணம் போட்டதுபோல வெள்ளி நிறம். பெட்டையைப்போல இரண்டு மடங்கு எடை இருக்கும், நூறு கிலோவை எட்டும். அதன் மேல் மாலை வெயில் சாய்வாக விழும்போது அந்த வெள்ளி நரைத்த தாடியைப்போல மின்னும். அரை கிலோமீட்டர் தள்ளியிருந்தும் நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டிருக்கிறேன், அமைதியாக இருக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கும் நானே.

நீங்கள் "கொஞ்சம் சாணம்" என்று ஒதுக்கியதில்தான் அன்றைய செய்தி இருந்திருக்கும். புகைப்படம் இல்லாததால் உங்களுடையது எது என்று சொல்ல முடியாது. பொதுவாகச் சொல்கிறேன். பாறைத் திட்டின் மேல் குவியலாகக் கிடக்கும் ஆட்டுப் புழுக்கை வரையாட்டினுடையது. கடமானுடையது அதைவிடப் பெரிதாக இருக்கும், பெரும்பாலும் ஒரு முனை கூர்ந்திருக்கும். வீட்டு மாட்டுச் சாணம் போலவே பெரிதாகக் கிடந்தால் காட்டுமாடு. முடியும் எலும்புத் துணுக்குமாகத் திருகி, பாதையின் நடுவிலேயே கிடப்பது இரைகொல்லியின் எச்சம். பாதைகள் பிரியும் இடத்தில் அப்படிப் பலவும் ஒரே இடத்தில் கிடந்தால் செந்நாய்க் கூட்டம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். தனியாக ஒன்று கிடந்தால் சிறுத்தையா வேறா என்று எச்சத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள், ஆய்வகத்தில் பார்ப்பவர்களே தடுமாறும் விஷயம் அது. பக்கத்துச் சேற்றில் தடம் இருந்தால் எளிது. பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், நாய் இனத்துக்கு நக நுனி பதியும். எதுவாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எது?" அல்ல, "எப்போது?" என்பதுதான். ஈரமாக, மேலே பளபளப்போடு இருந்தால் நடையை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பாருங்கள். வெளுத்து நொறுங்கினால் படம் எடுத்துக்கொண்டு நடங்கள். புழுக்கையைக் குச்சியால் பிளந்து பார்த்தால் உள்ளே பச்சை இருக்கிறதா என்று தெரியும். இரைகொல்லி எச்சத்தைக் கையால் தொட வேண்டாம், ஒட்டுண்ணிகள் இருக்கும்.

பயமான விஷயத்துக்கும் வருகிறேன். அமைதியாகப் போக வேண்டும் என்று மேலே சொன்னதெல்லாம் திறந்த புல்வெளிக்கு. சோலைக்குள் நுழைந்ததும் விதி மாறுகிறது. அங்கே பத்தடிக்கு அப்பால் தெரியாது. சத்தமே இல்லாமல் ஒரு வளைவைத் திரும்பி, அந்தப் பக்கம் நிற்கும் கரடியையோ ஒற்றைக் காட்டுமாட்டையோ திடுக்கிட வைப்பதுதான் மலையில் நடக்கும் மோசமான காரியம். கரடி தாக்குவது பெரும்பாலும் திடுக்கிட்டுத்தான். சோலைக்குள் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு போவது நல்லது. யானைக்குப் பார்வை மட்டு, மோப்பம் அபாரம். உயரமான புல்வெளிகளுக்கும் அது ஏறி வரும். அதன் லத்தி (சாணம்) சூடாக இருந்தாலோ, ஒடித்த கிளையில் பால் வடிந்தாலோ, வாட்சர் நிற்கச் சொன்னால் நிற்பதும் திரும்பச் சொன்னால் திரும்புவதும்தான் உங்கள் வேலை. "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாமே" என்று அவரை வற்புறுத்தாதீர்கள். பெரும்பாலான வாட்சர்கள் மரியாதைக்காகச் சம்மதித்துவிடுவார்கள். ஒருமுறை என்னோடு வந்த ஒரு குழு அப்படி வற்புறுத்தியது, நானும் தடுக்கவில்லை. யானை எங்களை நோக்கி நாலடிதான் வைத்தது. அன்றிலிருந்து அந்தச் சொல்லை என் குழுவில் யாரையும் சொல்ல விட்டதில்லை.

மற்ற ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். வேர்த்த சட்டையில் மூடுபனியும் காற்றும் சேர்ந்தால் அடிவாரத்து வெயிலை நம்பி வந்தவர்கள் நடுங்கிப்போவார்கள். பருத்திச் சட்டை காயாது, மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். கோடை மழைக் காலத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் இடி பெரும்பாலும் பிற்பகலில் வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. முப்பது நொடிக்குள் கேட்டுவிட்டால் முகட்டை விட்டு இறங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். கடித்தால் பயப்பட ஒன்றுமில்லை, அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால் கழன்ற பிறகும் கொஞ்ச நேரம் வழியும், அவ்வளவுதான். நகத்தால் நெம்பி எடுங்கள். நான் உண்மையில் பயப்படுவது காய்ந்த புல்லுக்குத்தான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. தீக்காலத்தில் பாதைகளை மூடுவது அதனால்தான். "மூடிவிட்டார்கள், வேறு வழியாகக் கூட்டிப் போகிறேன்" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். இப்போது தமிழ்நாட்டில் 2024-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் 40 பாதைகளுக்கு இணையத்திலேயே அனுமதி பெற்று, உள்ளூர்ப் பழங்குடி வழிகாட்டிகளோடு நடக்கலாம். அந்த வழியாகவே போங்கள்.

ராஜமலைக்கு வருவோம். அந்த ஆடுகள் காட்டு ஆடுகள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. யாரும் அடைத்து வளர்ப்பதில்லை. அவையே மேய்கின்றன, அவற்றையும் சிறுத்தை அடிக்கிறது, கிடாக்கள் பருவமழையில் மோதிக்கொள்கின்றன, சுமார் ஆறு மாதம் கழித்து ஜனவரி, பிப்ரவரியில் குட்டிகள் பிறக்கின்றன. அந்த நேரத்தில் பூங்காவைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுகிறார்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அந்தச் சாலையில் தினமும் மனிதர்கள் வருகிறார்கள், ஒரே பாதையில் போகிறார்கள், துரத்துவதில்லை, சுடுவதில்லை. பல தலைமுறைகளாக அதைப் பார்த்த மந்தை, சாலையில் வரும் மனிதனை ஆபத்துக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. ஆங்கிலேயர் காலத்தில் வேட்டைக்கு வைத்திருந்த மலை அது. 1975-இல் சரணாலயமாகி 1978-இல் தேசியப் பூங்காவானது. ஒரு காலத்தில் துப்பாக்கிக்கு ஓடிய விலங்கு இப்போது நம் பக்கத்தில் நின்று மேய்கிறது என்பதை நான் குறையாக நினைக்கவில்லை. இவ்வளவு அருகில் வரையாட்டைப் பார்க்க உலகில் அதைவிட நல்ல இடம் இல்லை. இந்தப் பழக்கம் ஆட்டுக்கு நல்லதா கெட்டதா என்பதில் ஒரே பதில் இல்லை. மனிதன் நடமாடும் இடத்துக்கு இரைகொல்லி வரத் தயங்குவதால் நன்மை என்று ஒரு வாதம் உண்டு. மனிதர்களிடமிருந்தும் கால்நடைகளிடமிருந்தும் நோய் வரலாம், ஆடுகள் எல்லா மனிதரையும் நம்பத் தொடங்கிவிடக்கூடும் என்று ஒரு எதிர்வாதமும் உண்டு. எனக்கு இரண்டாவது கவலை அதிகம். அதனால்தான் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டி ஆட்டை அருகே கூப்பிடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் நடந்த மலையின் ஆடுகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவற்றுக்கு மனிதன் இன்னமும் ஆபத்துதான். இரண்டையும் ஒரே தராசில் வைத்து "அங்கே அதிர்ஷ்டம் இருந்தது, இங்கே இல்லை" என்று சொல்ல முடியாது.

அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பங்கு? வரையாடு, கடமான், காட்டுமாடு, கருமந்தி இவற்றைப் பொறுத்தவரை நேரத்தையும் இடத்தையும் காற்றையும் சரியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதிக்கும் மேற்பட்ட நாட்களில் ஏதாவது ஒன்றைப் பார்த்துவிடலாம் என்பது என் குறிப்பேட்டுக் கணக்கு. சிறுத்தையும் புலியும் முழுக்க அதிர்ஷ்டம். இத்தனை வருடத்தில் மலைப்புல்வெளியில் நடந்துபோய் நான் சிறுத்தை பார்த்த நாட்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அதற்கு உங்களால் செய்ய முடிந்தது, கடமானின் எச்சரிக்கைக் குரலைப் பழகிக்கொள்வது. மேய்ந்துகொண்டிருக்கும் மான் வாலைத் தூக்கி, ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, பித்தளைப் பானையைத் தட்டியதுபோல விட்டுவிட்டுக் கத்தினால், அது பார்க்கும் திசையை நீங்களும் பாருங்கள். வரையாட்டுக்கு எச்சரிக்கை ஒரு கூர்மையான சீழ்க்கை. அதற்கு முன்பே சில அறிகுறிகள் உண்டு. அசைபோடும் வாய் நிற்கும், தலை எழும்பும், முன்னங்காலால் தரையைத் தட்டும். வாய் நின்றதுமே நீங்கள் இரண்டடி பின்வாங்கி உட்கார்ந்துவிட்டால் பெரும்பாலும் மறுபடி மேயத் தொடங்கிவிடும். சீழ்க்கை கேட்டுவிட்டால் தாமதமாகிவிட்டது, அந்த மந்தையின் அன்றைய மேய்ச்சலைக் கெடுத்துவிட்டோம் என்று பொருள். குட்டிகள் இருக்கும் மாதங்களில் அவசரமாகப் பாறையில் ஓடும் தாயோடு குட்டியும் ஓட வேண்டும்.

மகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஆனால் 14 கிலோமீட்டர் வேண்டாம், நாலைந்து போதும். எட்டுப் பேரும் வேண்டாம், நீங்கள் இருவரும் உங்கள் துணைவியாரும் வழிகாட்டியும் போதும். வரிசையில் முதல் இரண்டு பேருக்குத்தான் எதுவும் தெரியும், அதனால் அவளை வழிகாட்டிக்குப் பின்னால் இரண்டாவதாக நடக்க விடுங்கள். பைனாகுலரை அங்கே போய்க் கொடுத்தால் அன்றைக்குப் பயன்படாது. இரண்டு வாரம் முன்பே மொட்டை மாடியில் காகத்தைக் கண்ணால் பார்த்து, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழக்குங்கள். குழந்தைகள் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார மாட்டார்கள் என்று பயப்படுவீர்கள். பாதை சோலையின் விளிம்பைத் தொடும் இடத்தில், வழிகாட்டி சரி என்று சொன்னால், கீழ்ப்புதர்களைப் பார்த்தபடி உட்காருங்கள். அந்த உயரத்தில் ஒரு சிறு ஈப்பிடிப்பான் இருக்கிறது, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. ஆண் பறவைக்கு உடம்பு நல்ல ஆரஞ்சு, தலையும் இறக்கையும் கருப்பு. உயரத்தில் தேட வேண்டியதில்லை, முழங்கால் உயரக் கிளைகளில்தான் இருக்கும். அசையாத மனிதரிடம் அதற்குப் பெரிய பயமில்லை. நாலைந்து அடி தூரத்தில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பூச்சி பிடிக்கப் போகும், திரும்பவும் அதே கிளைக்கு வரும். முதல் தடவை வரும்போது நீங்கள் பேசாதீர்கள், அவளே சொல்லட்டும்.